ஓய்வுப் பணத்தில் பழைய பென்ஸ் வாங்கலாமா?

சார், "2017 மாடல் பென்ஸ் இ 220 டி நம்பகமான வண்டியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால் நீங்கள் எழுதியிருக்கும் வரிகள் வேறொன்றைக் கேட்கின்றன. பொதுத்துறை வங்கியிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது, வயது 61, பென்ஷன் வருகிறது. கும்பகோணத்தில் சொந்த வீடு, கடன் இல்லை. கிராஜுவிட்டி, பி.எஃப்., பழைய சேமிப்பு எல்லாம் சேர்த்து கையில் சுமார் 95 லட்சம். சென்னையில் ஒரு டீலர் 62,000 கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு 24 லட்சம் சொல்கிறார், அதே மாடல் டெல்லியில் 19 லட்சத்துக்குக் கிடைக்கிறது. மூட்டு வலியால் அவதிப்படும் உங்கள் மனைவி வேண்டாம் என்கிறார். சென்னையில் இருக்கும் மகள் "இந்த வயசுல எதுக்குப்பா" என்கிறார். ஆக நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது இதுதான்: முப்பது வருடமாக ஆசைப்பட்ட ஒன்றை இப்போது வாங்கினால், பின்னால் பணத்துக்குத் திண்டாட வேண்டி வருமா? அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர். விபத்திலோ வெள்ளத்திலோ அடிபட்ட வண்டியை ஒர்க்‌ஷாப்பில் போய்ப் பார்த்து, எஸ்டிமேட்டை வரி வரியாகச் சரிபார்த்து, கம்பெனி எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று ரிப்போர்ட் எழுதுவது என் தொழில். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. சொகுசுக் கார்களைப் பெரும்பாலும் பம்பரைக் கழற்றி வைத்த நிலையில்தான் பார்த்திருக்கிறேன். மெக்கானிக் கிடையாது, முதலீட்டு ஆலோசகரும் கிடையாது. எனவே உதிரிபாகம், இன்சூரன்ஸ், ஆர்.சி. பேப்பர் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். உங்கள் ஓய்வுக்காலக் கணக்கைப் பற்றிச் சொல்வது வெறும் என் கருத்து. அந்தக் குறிப்பிட்ட வண்டி எப்படி இருக்கிறது என்பதை லிஃப்டில் ஏற்றிக் கீழிருந்து பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லப்போவதில்லை.

புதிதில் ஷோரூம் விலையே 55 லட்சத்தைத் தாண்டிய கார் அது. இன்று 24 லட்சத்துக்கு வருகிறது என்றால் விலை இறங்கியது காருக்கு மட்டும்தான். அதன் ஹெட்லேம்ப்புக்கு இறங்கவில்லை, ஏ.சி. கம்ப்ரஸருக்கு இறங்கவில்லை, கியர்பாக்ஸுக்கு இறங்கவில்லை. அவை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருபவை, யூரோ ஏற ஏற அவையும் ஏறும். யானையைப் பாதி விலைக்குக் கொடுத்தார்கள் என்பதற்காக அது பாதிக் கரும்போடு நிறுத்திக்கொள்ளாது. ஒரு எல்.இ.டி. ஹெட்லேம்ப் யூனிட் லட்சத்தைத் தாண்டும். அதில் உள்ளே ஈரம் கசிந்தால் பல்பு மாற்றுவது போல மாற்ற முடியாது, பெரும்பாலும் முழு யூனிட்டையே மாற்றச் சொல்வார்கள். நல்ல கம்பெனி டயர் நாலும் மாற்றினால் அறுபதாயிரத்திலிருந்து லட்சம் வரை ஆகும். பேட்டரி மாற்றினால்கூட ஸ்கேனர் போட்டு வண்டிக்கு அதைப் பதிவு செய்ய வேண்டிய மாடல்கள் ஜெர்மன் வண்டிகளில் உண்டு. இவை எதுவும் வண்டி கெட்டுப்போனதால் வருவதில்லை. எட்டு வயது ஆன வண்டிக்கு இயல்பாக வருபவை.

"அதான் இன்சூரன்ஸ் இருக்கே" என்று பலர் நினைக்கிறார்கள். இங்கேதான் என் தொழில் வருகிறது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சாதாரண முழு பாலிசியில், பழைய பாகத்துக்குப் பதில் புதுப் பாகம் போடும்போது தேய்மானம் கழிப்போம். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி, ஏர்பேக் இவற்றுக்கு 50 சதவீதம். வண்டி வாங்கி ஒரு மாதம் ஆனாலும் இதே 50தான். ஃபைபர் கிளாஸ் பாகங்களுக்கு 30. உலோகப் பாகங்களுக்கு வயதுக்கு ஏற்றபடி ஏறும்: ஐந்திலிருந்து பத்து வருடம் வரை 40 சதவீதம், பத்தைத் தாண்டினால் 50. கண்ணாடிக்கு மட்டும் கழிப்பது கிடையாது. இந்தக் காலத்துச் சொகுசுக் காரின் முன்பக்கத்தைப் பாருங்கள். பம்பர், கிரில், லேம்ப், அதன் பின்னால் இருக்கும் டக்ட் எல்லாம் பிளாஸ்டிக். மாடு குறுக்கே வந்து சுமாராக ஒரு இடி, பாகங்களுக்கு மட்டும் 6 லட்சம் எஸ்டிமேட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டரை லட்சத்துக்குக் குறையாமல் உங்கள் கையிலிருந்து போகும். இப்படி ரிப்போர்ட் எழுதிவிட்டு வண்டிக்காரர் முகத்தைப் பார்ப்பது எனக்குப் பழகிப்போன சங்கடம். "பிரீமியம் முழுசா கட்டினேனே சார்" என்பார்கள். கட்டியிருப்பார்கள்தான்.

இதைத் தவிர்க்கத்தான் பம்பர் டு பம்பர் என்று சொல்லப்படும், தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் பாலிசி இருக்கிறது. ஆனால் பல கம்பெனிகள் அதை ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டிக்குத் தருவதில்லை. சிலர் அதைத் தாண்டியும் தருகிறார்கள், நிபந்தனையோடும் கூடுதல் பிரீமியத்தோடும். எட்டு வயது வண்டிக்குக் கிடைக்குமா என்பதை டீலர் வாயால் கேட்டு நம்பாதீர்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன், வண்டி நம்பரைக் கொடுத்து இரண்டு மூன்று கம்பெனிகளில் எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். என்னைக் கேட்டால், ஜீரோ டெப் கிடைக்காத சொகுசுக் காரை ஓய்வு பெற்றவர் வாங்கவே கூடாது.

இன்னொரு சூட்சுமம் ஐ.டி.வி. வண்டி முழுதாகப் போனால் கம்பெனி தரும் தொகை அது. ஐந்து வருடம் வரை அதற்கு அட்டவணை உண்டு. அதற்கு மேல் கம்பெனியும் நீங்களும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகைதான். பிரீமியத்தைக் குறைத்துக் காட்டுவதற்காக டீலர்கள் இதைக் குறைத்துப் போட்டுவிடுவார்கள். 24 லட்சம் கொடுத்து வாங்கிய வண்டிக்கு 14 லட்சம் ஐ.டி.வி. என்று பாலிசி இருந்தால் என்ன ஆகும்? ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ் என்பது விதி. அதாவது பத்தரை லட்சத்துக்கு மேல் எஸ்டிமேட் போனால் போதும். இரண்டு ஏர்பேக் வெடித்து, டேஷ்போர்டு கிழிந்து, சீட் பெல்ட் டென்ஷனரும் ரேடியேட்டரும் போனால் அந்தத் தொகை சுலபமாக வந்துவிடும். ஓட்டக்கூடிய நிலைக்குக் கொண்டுவரக்கூடிய வண்டியே கணக்கில் செத்துப்போகும், உங்கள் கையில் வருவது 14 லட்சம். மீதிப் பத்து லட்சத்தைக் கேட்க ஆள் கிடையாது. எனவே வாங்கும் விலைக்கு நெருக்கமாக ஐ.டி.வி. வையுங்கள், பிரீமியம் கூடினாலும் பரவாயில்லை.

அப்புறம், வண்டி கைமாறிய 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். மூன்றாம் நபர் பாதுகாப்பு வண்டியோடு வந்துவிடும். சொந்தச் சேதத்துக்கான பாதுகாப்பு அப்படித் தானாக வராது. கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் பழைய ஓனருக்கு இருந்திருந்தால் அதுவும் வராது, அது வண்டிக்கு உரியதில்லை, ஆளுக்கு உரியது. அதற்கான வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள், கட்டிவிடுங்கள். கட்டாமல் விட்டு, பிறகு கிளெய்மில் சிக்கிய ஃபைல்கள் என் மேஜையில் நிறைய வந்திருக்கின்றன.

சரி, மாதக் கணக்குக்கு வருவோம். நீங்கள் வங்கிக்காரர், என்னைவிட நன்றாகப் போடுவீர்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் 24 லட்சத்துக்கு வருடம் 1,96,800 ரூபாய் வட்டி, மாதம் 16,400. வண்டி வாங்கினால் அது நின்றுவிடும். நாலு வருடம் கழித்து வண்டியை 14 லட்சத்துக்கு விற்கிறீர்கள் என்று வைத்தால் போன 10 லட்சம் மாதத்துக்கு இருபதாயிரத்துச் சொச்சம். இன்சூரன்ஸும் வருடாந்திர சர்வீஸும் சேர்ந்து மாதம் பத்தாயிரத்தை ஒட்டி வரும் என்பது என் அனுபவக் கணிப்பு. ரிப்பேருக்கென்று வருடம் ஒரு லட்சம் ஒதுக்கினால் இன்னொரு எட்டாயிரம். ஷெட்டில் சும்மா நின்றாலும் மாதம் ஐம்பதாயிரத்தைத் தாண்டுகிறது, டீசல் தனி. இதில் வட்டி இழப்பு மட்டும்தான் கிட்டத்தட்ட நிச்சயமான எண். விற்கும் விலை ஊகம். ரிப்பேர் அதைவிடப் பெரிய ஊகம்: மூன்று வருடம் ஒன்றுமே வராமல் நாலாவது வருடம் ஒரே பில்லாக நாலு லட்சம் வரலாம். சராசரி எடுத்து மனதைத் தேற்றிக்கொள்ள முடியாத செலவு இது.

95 லட்சத்தில் 24 லட்சம் எடுக்கலாமா? உங்களுக்கு மாதப் பென்ஷன் இருப்பது பெரிய பலம். அது இல்லாமல், இந்தத் தொகையின் வட்டியில்தான் சாப்பாடு என்று எழுதியிருந்தால் இரண்டே வரியில் வேண்டாம் என்று முடித்திருப்பேன். ஆனால் வங்கிப் பென்ஷனில் பஞ்சப்படி ஏறுமே தவிர அடிப்படைப் பென்ஷன் புதுப்பிக்கப்படாமல் கிடக்கிறது என்பதும், ஓய்வூதியர்களுக்கான குழு மெடிக்ளெய்ம் பிரீமியம் எப்படி ஏறுகிறது என்பதும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனவே நான் பார்க்கும் அளவுகோல் வாங்கும் விலை இல்லை. வாங்கிய அடுத்த மாதமே நாலு லட்சம் ரூபாய் பில் வந்தால் எந்த டெபாசிட்டையும் உடைக்காமல், வீட்டில் மூச்சு விடாமல், கட்டிவிட முடியுமா? முடியும் என்றால் வாங்கத் தகுதி இருக்கிறது. அந்தப் பில் வருமோ வருமோ என்று ஒவ்வொரு வார்னிங் லைட்டுக்கும் நெஞ்சு படபடக்கும் என்றால், 24 லட்சம் கையில் இருப்பது மட்டும் போதாது.

அடுத்தது, இந்த டீசல் வண்டி உங்கள் ஓட்டத்துக்குப் பொருந்துமா? தினமும் கடைவீதி, கோயில், வங்கி, வாரத்தில் இரண்டு நாள் நண்பர் வீடு, மாதம் ஒரு முறை மகளைப் பார்க்கச் சென்னை என்று எழுதியிருக்கிறீர்கள். அதாவது பெரும்பாலும் மூன்று நாலு கிலோமீட்டர் ஓட்டம். நவீன டீசல் எஞ்சினுக்கு இதைவிடக் கெடுதல் கிடையாது. புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி, 550, 600 டிகிரி சூடு வந்தால்தான் அந்தக் கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். அந்தச் சூட்டுக்கு நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் கொஞ்ச நேரமாவது ஓட வேண்டும். கும்பேஸ்வரர் கோயில் பக்கம் முதல் கியரில் ஊர்ந்தால் சூடு வராது, கரி அடைத்துக்கொள்ளும், வண்டி பவரைக் குறைத்துக்கொள்ளும். 2020 ஏப்ரலுக்குப் பின், பி.எஸ். 6 என்ற புகை மாசு விதிப்படி வந்த டீசல் கார்களில் இந்த வடிகட்டி உண்டு. 2017 வண்டிகளில் மாடலுக்கு மாடல் மாறும், சேஸிஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் சென்டரிலேயே கேட்டுவிடுங்கள். அது இல்லாவிட்டாலும் குட்டி ஓட்டத்தில், புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்விலும், காற்று உள்ளே போகும் இன்டேக்கிலும் கரி சேரத்தான் செய்யும். மாதம் ஒரு சென்னைப் பயணம் உதவும், முழுப் பரிகாரம் ஆகாது.

இன்னொன்றும் சேர்த்து யோசியுங்கள். பக்கத்தில் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாருதி நின்றால் தெருமுனை மெக்கானிக் வந்து பார்ப்பார். இது நின்றால் பிளாட்பெட் வண்டி பிடித்து வேறு ஊருக்கு ஏற்றிப் போக வேண்டும், பாகம் ஸ்டாக்கில் இல்லாவிட்டால் வாரக்கணக்கில் அங்கேயே நிற்கும். நீளம் ஐந்து மீட்டருக்கும் மேல். உங்கள் வீட்டு கேட்டையும் தெரு வளைவையும் ஒருமுறை டேப் வைத்து அளந்துவிடுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

டெல்லி வண்டியை மறந்துவிடுங்கள். அது ஏன் மலிவு என்பதற்குக் காரணம் உண்டு. டெல்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் பத்து வருடத்தைத் தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்று 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை வழிமொழிந்தது. அதன்பின் தளர்த்துவதும் இறுக்குவதுமாக உத்தரவுகள் வந்துகொண்டே இருக்கின்றன. 2017 டீசலுக்கு 2027-ல் பத்து வயது. அங்குள்ளவர் தள்ளிவிடப் பார்க்கிறார், அதில் தப்பில்லை. ஆனால் நீங்கள் அதை வாங்கினால் அங்கிருந்து படிவம் 28-ல் என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். லோன் இருந்திருந்தால் ஆர்.சி.யில் இருக்கும் கடன் பதிவை (ஹைப்போதிகேஷன்) நீக்கப் படிவம் 35 வேண்டும். இங்கே கொண்டுவந்து மறுபதிவு செய்து லைஃப் டாக்ஸ் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு 2023 நவம்பரிலிருந்து 20 சதவீதம். வெளிமாநிலத்திலிருந்து வரும் பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்துச் சதவீதம் குறையும், ஆனால் அதைப் போடுவது நீங்கள் கொடுத்த 19 லட்சத்தின் மேல் இல்லை, வண்டியின் ஆரம்ப விலையின் மேல். கும்பகோணம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டால் கணக்குப் போட்டுச் சொல்வார்கள். ஐந்து லட்சம் மிச்சம் என்று நினைத்தது அங்கேயே கரைந்துவிடலாம். ஏதாவது வில்லங்கம் வந்தால் விற்றவரைத் தேடி டெல்லிக்கா போவீர்கள்? தமிழ்நாட்டில் இப்போதைக்கு அப்படி ஒரு வயது வரம்பு இல்லை. 2032 வரை பதிவு செல்லும், பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். பத்து வருடம் கழித்துப் பழைய டீசல் மேல் என்ன சட்டம் வரும் என்பதை மட்டும் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. வாங்குபவர்களுக்கும் இந்தப் பயம் இருக்கும், அதனால் நீங்கள் விற்கும்போது டீசலுக்குத்தான் விலை அதிகம் அடிபடும் என்பது என் எண்ணம்.

சென்னை வண்டிக்கு வேறு ஆபத்து இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் அங்கே எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நாங்கள் பார்த்த அதே கதை. டோட்டல் லாஸ் ஆன வண்டிகள் சால்வேஜ் ஏலத்தில் போகும், வாங்கியவர் உலர்த்தி, பாலிஷ் போட்டு, வேறு ஊரில் விற்பார். சொகுசுக் காரில் இது கொடுமை, ஏனென்றால் காலடிக் கார்ப்பெட்டுக்குக் கீழேயும் டிக்கியிலும்தான் பல கண்ட்ரோல் யூனிட்டுகளும் ஒயரிங்கும் ஓடுகின்றன. உள்ளே பச்சை பூத்து, ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து ஒவ்வொன்றாகக் கைவிடும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேறு அங்கே கோடாகத் தெரியும். சீட் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி குழியின் மூலைகளில் வண்டல், கார்ப்பெட்டைத் தூக்கினால் வாடை, இவற்றைப் பாருங்கள். பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளைக் கேட்டு வாங்குங்கள். நோ கிளெய்ம் போனஸ் 2024-ல் திடீரென்று பூஜ்யமாகி இருந்தால், முந்தைய வருடம் ஏதோ கிளெய்ம் போயிருக்கிறது. என்ன கிளெய்ம் என்று கேளுங்கள்.

62,000 கிலோமீட்டர் என்பதையும் சும்மா நம்பாதீர்கள். மீட்டரைத் திருப்புவது இன்று ஒரு மணி நேர வேலை. ஆனால் பல ஜெர்மன் வண்டிகளில் மீட்டர் தவிர வேறு யூனிட்டுகளிலும் ஓடிய தூரம் பதிந்திருக்கும், சரியான ஸ்கேனர் போட்டால் முரண்பாடு தெரியும். விற்பவரையும் கூட்டிக்கொண்டு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போய், சேஸிஸ் நம்பரை வைத்து சர்வீஸ் ஹிஸ்டரி எடுங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு வருடம். 2017 வண்டியில் 2017 டயரே இருந்தால் டயர் செலவு உடனே உங்கள் தலையில், இரண்டாவது செட்டும் தேய்ந்திருந்தால் 62,000 என்பதைச் சந்தேகத்தோடு பாருங்கள். எல்லாக் கண்ணாடிகளிலும் தயாரிப்பு வருடக் குறியீடு ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்தப் பக்கம் டிங்கரிங் நடந்திருக்கலாம், கல் பட்டும் உடைந்திருக்கலாம், அதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. பரிசோதனைக்கு ஐந்தாயிரமோ பத்தாயிரமோ ஆகும், உங்கள் சொந்தச் செலவில், டீலருக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் செய்யுங்கள். மறுக்கும் டீலரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22-லிருந்து பெரிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம், செஸ் கிடையாது. முன்பு 28 சதவீதமும் அதன் மேல் 20, 22 சதவீத செஸ்ஸும் இருந்தது. புதுக் கார் இறங்கினால் பழையதும் இறங்க வேண்டும், அதற்கு முன் யாரோ சொன்ன விலையை வைத்து "மலிவாகக் கிடைக்கிறது" என்று எண்ணாதீர்கள். பழைய காருக்கு டீலர் கட்டும் 18 சதவீத ஜி.எஸ்.டி. அவருடைய லாபத்தின் மேல்தான், மொத்த விலையின் மேல் இல்லை. 24 லட்சத்துக்கு மேல் வரி என்று தனியாகப் பெரிய தொகை கேட்டால் கணக்குக் கேளுங்கள்.

இப்போது உங்கள் மனைவியின் முழங்கால். உங்கள் கடிதத்தில் இதை ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள், எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது. இ கிளாஸ் பின் சீட் சொர்க்கம்தான், ஆனால் தாழ்ந்தது. இறங்கும்போது முழு உடம்பையும் முழங்காலில் தாங்கி எழுந்திருக்க வேண்டும். வாங்குவதற்கு முன் அவரைக் கூட்டிப்போய் நாலைந்து முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். நாற்காலி உயரத்தில் சீட் இருக்கும் பென்ஸ் ஜி.எல்.சி., வால்வோ எக்ஸ்.சி. 60 மாதிரி வண்டிகளிலும் ஏறிப் பார்க்கட்டும். அவர் வேண்டாம் என்று சொல்வதற்குப் பணம் மட்டும் காரணமாக இருக்காது.

என் பதில்: வாங்கலாம், ஆனால் இந்த இரண்டு வண்டியும் வேண்டாம். பெட்ரோல் பாருங்கள். மொத்த பட்ஜெட் 24 லட்சம் என்றால் வண்டிக்கு 20, மீதி 4 லட்சத்தை ரிப்பேருக்கென்று தனி டெபாசிட்டில் போட்டு மறந்துவிடுங்கள். பெரிய வண்டியின் பழைய மாடலைவிட ஒரு படி சின்ன வண்டியின் புதிய மாடல் மேல். எட்டு வயது இ கிளாஸுக்குப் பதில் நாலைந்து வயது வண்டி என்றால் ஜீரோ டெப் கிடைக்க வாய்ப்பு அதிகம். கம்பெனிகளே பரிசோதித்து வாரண்டியோடு விற்கும் பழைய கார் பிரிவுகள் உண்டு: மெர்சிடிஸ் பென்ஸ் சர்டிஃபைடு, பி.எம்.டபிள்யூ. பிரீமியம் செலக்‌ஷன், ஆடி அப்ரூவ்டு பிளஸ். வெளிச் சந்தையைவிட விலை கூட இருக்கும். உங்கள் நிலையில் அந்தக் கூடுதல் விலை நியாயமானது, வாரண்டியில் எது சேராது என்ற பக்கத்தை மட்டும் முழுதாகப் படித்துவிடுங்கள். 2023 ஏப்ரலுக்கு முந்தைய பெட்ரோல் வண்டி என்றால் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ 20 பெட்ரோலுக்கு ஏற்றதா என்று பெட்ரோல் மூடியின் உட்புற ஸ்டிக்கரையும் மேனுவலையும் பாருங்கள்.

சத்தமில்லாத, குலுங்காத பயணம்தான் வேண்டும் என்றால் டொயோட்டா கேம்ரி ஹைபிரிட் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். ஊருக்குள் ஊர்வதற்கென்றே செய்தது போல இருக்கும். அதன் டிக்கியில் பென்ஸ் நட்சத்திரம் இருக்காது. நட்சத்திரம்தான் வேண்டும் என்றால் அதை வீட்டில் நேராகச் சொல்லிவிடுங்கள், முப்பது வருடம் கவுண்டரில் உட்கார்ந்தவருக்கு அந்த ஆசை வரக்கூடாதா என்ன? "பாதுகாப்புக்காக", "முதலீட்டுக்காக" என்று காரணம் ஜோடித்தால்தான் மகள் குறுக்கு விசாரணை செய்வார்.

கடைசியாக, இப்போதிருக்கும் 2014 வேகன் ஆரை டீலர் எக்ஸ்சேஞ்சில் கேட்கிறார், கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொடுக்காதீர்கள். கடைவீதிக்கு அதுதான் வண்டி. புதிதாக வாங்குவது சர்வீஸில் நிற்கும் வாரங்களுக்கும் அது வேண்டும். அதில் நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் 50 சதவீத நோ கிளெய்ம் போனஸை, வண்டியை விற்றால் சான்றிதழ் வாங்கிப் புது வண்டிக்கு மாற்றலாம் என்பது உண்மை. வைத்துக்கொண்டால் அது வேகன் ஆரிலேயே இருக்கும். மாற்றினால் சொகுசுக் காரின் பிரீமியத்தில் அது ஓரளவு மிச்சம் பிடிக்கும், அவ்வளவுதான். ஒரு வருடம் இரண்டையும் வைத்து ஓட்டிப் பாருங்கள், வேகன் ஆர் சாவியைத் தொடவே இல்லை என்றால் அப்போது விற்றுக்கொள்ளலாம்.